புணையும் நீச்சல்காரனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். வயது 38. எனக்குக் கீழே ஒன்பது பேர். இரண்டு வருடம் முன்பு தூக்கமே வராமல் டாக்டரிடம் போகும் நிலை வந்தது. பையன்கள் எழுதும் கோடில் எனக்குத் திருப்தி வராது, ராத்திரி உட்கார்ந்து நானே மாற்றி எழுதுவேன். அந்தச் சமயத்தில் ஒரு நண்பர் பழைய சீன ஞானநூலான தாவோ தே ஜிங் கொடுத்தார். ஒன்றும் செய்யாமல் இருந்தால் செய்யப்படாமல் எதுவும் மிஞ்சாது என்ற கருத்து என்னைப் பிடித்துக்கொண்டது.

அப்படியே இருந்து பார்த்தேன். மீட்டிங்கில் கேட்டால் மட்டும் பேச்சு. அப்ரைசல் படிவத்தில் ஒரே வரி. மேனேஜர் பதவிக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள், போடவில்லை. போன மாதம் அது எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவனுக்குப் போனது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. "நீங்க ஞானியும் ஆகல, மனுஷனாவும் இல்ல" என்கிறாள் மனைவி.

'நீர்வழிப் படூஉம் புணைபோல்' என்று நம் கணியன் பூங்குன்றனார் சொன்னதும் இதைத்தானே? சீனாவிலேயே இளைஞர்கள் 'படுத்துக் கிடப்பது' என்று இதைத்தான் செய்கிறார்களாம். பிறகு எனக்கு மட்டும் ஏன் எரிகிறது?

ர., பெங்களூரு

*

அன்புள்ள ர.,

முதலில் உங்கள் மனைவிக்கு என் வணக்கம். நான் பக்கம் பக்கமாக எழுதப் போவதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

புணையிலிருந்து தொடங்குகிறேன். தாவோ பற்றிப் பேச்செடுத்தால் தமிழர்களில் யாராவது ஒருவர் புறநானூற்று 192ஆம் பாட்டை எடுத்து வைத்துவிடுவார். நானும் ஒரு காலத்தில் வைத்தவன்தான். ஆனால் அந்தப் பாட்டு எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். கல்லை மோதி இரையும் பேராற்றில் புணை, அதாவது தெப்பம், போவது போல உயிர் முறைவழிப் படும். ஆகவே பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே. பிறரை எப்படிப் பார்ப்பது என்பதுதான் அங்கே பேச்சு. அப்ரைசல் படிவத்தில் ஒரு வரி எழுதுவதற்கு அதில் அனுமதி இல்லை.

தாவோவின் ஆளுக்குக் கை உண்டு. தாவோ மரபின் இன்னொரு மூலநூலான சுவாங்ட்சுவின் 19ஆம் அத்தியாயத்தில் ஒரு கதை வருகிறது. லூலியாங் என்ற இடத்தில் கன்ஃபூசியஸ் அருவி பார்க்கிறார். முப்பது ஆள் உயரம், நாற்பது லீ (சீனத் தூர அளவு) தூரத்துக்கு நுரை, மீனும் ஆமையும்கூட நீந்த முடியாத வேகம். அதற்குள் ஒரு மனிதன் தெரிகிறான். சாகத்தான் குதித்திருக்கிறான் என்று நினைத்து, காப்பாற்றச் சொல்லிச் சீடர்களைக் கரையோரமாக ஓடவிடுகிறார். சில நூறு தப்படி தள்ளி அந்த ஆள் கரையேறி, தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு பாடியபடி நடக்கிறான். நீ பேயோ என்று நினைத்தேன், தண்ணீரில் இப்படிப் போக ஏதாவது வழி வைத்திருக்கிறாயா என்று கேட்கிறார். வழியெல்லாம் ஒன்றும் இல்லை என்கிறான் அவன். சுழலோடு உள்ளே போகிறேன், மேலெழும் நீரோடு வெளியே வருகிறேன், தண்ணீர் போகிற வழியில் போகிறேன், என் வழியை அதில் திணிப்பதில்லை. தண்ணீரிலேயே வளர்ந்தவன், அதனால் அது பழகிவிட்டது என்கிறான்.

எனக்கு நீச்சல் பழக்கியது தாய்மாமன். பம்புசெட்டுக் கிணறு, முதுகில் கட்டிய சுரைக்குடுக்கை. நாலாம் நாள் குடுக்கையை அவிழ்த்துவிட்டு, பாசி பிடித்த கல்படியிலிருந்து தள்ளிவிட்டார். கையையும் காலையும் தாறுமாறாக அடித்தேன். மூக்கில் தண்ணீர் ஏறி முங்கினேன். தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, "தண்ணிய ஏன்டா இந்த அடி அடிக்கிற, அது உன்ன என்ன பண்ணுச்சு?" என்றார். மறுநாள் புத்திசாலித்தனமாக அடிக்காமலே இருந்தேன். அன்றைக்கும் முங்கினேன். அப்போது அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

நீங்கள் இப்போது அந்த ஐந்தாம் நாளில் இருக்கிறீர்கள்.

உங்களைப் பிடித்துக்கொண்ட அந்தக் கருத்துக்குச் சீனத்தில் வூ வெய் என்று பெயர். அதைச் 'செயலின்மை' என்று தமிழில் போட்டதில் வந்த வினை இது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 'வலிந்து செய்யாமை' என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சுவாங்ட்சுவில் இது கைகூடியவர்களாக வரும் பலர் வேலைக்காரர்கள். மாடு அறுக்கும் சமையல்காரன், எழுபது வயதிலும் சக்கரம் செதுக்கும் கிழவன், கோலால் சில்வண்டு பிடிக்கும் கூனன். சமையல்காரன் கத்தியைப் பத்தொன்பது வருடமாகத் தீட்டவே இல்லை, எலும்புக்கு இடையில் இருக்கும் வெளியில் அது போய் வருகிறது. இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அடுத்து அவன் சொல்வதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்: சிக்கலான மூட்டு வந்தால் எனக்கே பயம், கண்ணை அங்கேயே வைத்து மெல்ல, மிக மெல்லக் கத்தியை நகர்த்துவேன் என்கிறான்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். பெரிய கேள்விகளுக்கு நடுவே போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். பையன்கள் எழுதிய கோடை நானே ராத்திரி உட்கார்ந்து மாற்றி எழுதுவேன் என்று. நான் உங்களுக்கு எழுத வேண்டியதெல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

தாவோ தே ஜிங்கின் 81 அத்தியாயங்களில் கணிசமானவை ஆள்பவனுக்குச் சொல்லப்பட்டவை. நம்மில் பலர் அதை மலையடிவாரத் துறவியின் நூலாகவே படிக்கிறோம். 60ஆம் அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது: பெரிய நாட்டை ஆள்வது சின்ன மீனைச் சமைப்பது போல. கிறிஸ்து பிறப்பதற்கு முன், மூன்றாம் நூற்றாண்டில் சீனச் சிந்தனையாளர் ஹான் ஃபெய் இதற்கு விளக்கம் எழுதினார். சின்ன மீனை அடிக்கடி கிளறினால் அதன் மினுக்கம் கெடும், பெரிய நாட்டில் அடிக்கடி சட்டத்தை மாற்றினால் மக்கள் அல்லல்படுவார்கள் என்றார். ஹான் ஃபெய் கடும் தண்டனைகளை நம்பியவர். அவர் கையிலும் இந்த நூல் இருந்தது என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

தனியாகச் சமைக்க ஆரம்பித்த காலத்தில் நெத்திலி வறுத்தேன். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு எல்லாம் சரி. எண்ணெயில் போட்டுவிட்டுச் சும்மா நிற்க முடியவில்லை. ஒட்டிக்கொள்ளுமோ, கருகுமோ என்று கரண்டியால் நோண்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கிடைத்ததை மீன் புட்டு என்று சொல்லி நண்பர்களுக்குப் பரிமாறினேன். நெத்திலியை ஓரம் மொறுமொறுப்பாகிற வரை தொடக் கூடாது. அதற்காக அடுப்பை விட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளவும் முடியாது. அந்தச் சில நிமிடம் பக்கத்தில் நிற்க வேண்டும், வாசனை மாறுவது தெரிய வேண்டும்.

ஒன்பது பேருடைய கோடைக் கிளறிக்கொண்டே இருந்தீர்கள், தூக்கம் போனது. பிறகு அடுப்படியை விட்டே போய்விட்டீர்கள். மீட்டிங்கில் பேசாமல் இருந்ததாகச் சொல்கிறீர்கள். ராத்திரித் திருத்தம் நின்றதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிற்கவில்லை என்றே நினைக்கிறேன். விட வேண்டியதைப் பிடித்துக்கொண்டு, செய்ய வேண்டியதை விட்டிருக்கிறீர்கள்.

சீன இளைஞர்களின் 'தாங் பிங்', நீங்கள் சொன்ன படுத்துக் கிடப்பது, வேறு விஷயம். 2021 ஏப்ரலில் ஆலை வேலையை விட்ட ஒருவர் படுத்துக் கிடப்பதே நியாயம் என்று இணையத்தில் எழுதினார், அது பரவியது. துணைக்கு அவர் அழைத்தது தாவோ தே ஜிங் எழுதியதாகச் சொல்லப்படும் லாவோட்சுவை அல்ல, பீப்பாயில் கிடந்த கிரேக்க ஞானி டயோஜெனிஸை. காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள் என்று '996' வேலைமுறை நடந்த நாடு அது. அதே வருடம் ஆகஸ்டில் சீன உச்ச நீதிமன்றமே அது சட்டவிரோதம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அங்கே படுத்துக் கிடப்பது கூலிக்காரனின் எதிர்ப்பு. எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஆனால் எதிர்ப்பவனுக்கு யாரை எதிர்க்கிறோம் என்று தெரியும். உங்கள் விஷயத்தில் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கியவர் பெரும்பாலும் நீங்களேதான்.

எரிச்சல் பற்றி. சூ நாட்டு அரசன் தன் நாட்டை ஒப்படைக்க ஆளனுப்பியபோது அந்த நூலுக்குப் பெயர் தந்த சுவாங்ட்சு பூ ஆற்றில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோயிலில் துணி சுற்றிப் பெட்டியில் வைத்துக் கும்பிடும் மூவாயிரம் வருட ஆமை, செத்து மரியாதையோடு இருக்க விரும்புமா, உயிரோடு சேற்றில் வாலை இழுத்துக்கொண்டு திரிய விரும்புமா என்று கேட்டார். சேறுதான் என்றார்கள். அப்படியானால் போங்கள், நான் சேற்றில் வாலை இழுத்துக்கொள்கிறேன் என்றார். அவருக்குச் சேறு பிடித்திருந்தது. உங்களுக்கு அந்தப் பதவி பிடித்திருந்தது, வேண்டாம் என்பது உயர்ந்தது என்று புத்தகம் சொன்னதாக நினைத்து விட்டுவிட்டீர்கள். எரியாமல் என்ன செய்யும்? அடுத்த முறை வேண்டும் என்றால் விண்ணப்பம் போடுங்கள். கேட்பதில் தாவோவுக்கு விரோதமாக ஒன்றும் இல்லை. கேட்டும் கிடைக்காவிட்டால், அப்போது பூங்குன்றனாரைத் திறந்து அந்தக் கடைசி இரண்டு அடிகளைப் படியுங்கள்.

அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். டீமில் உங்களை அதிகம் எரிச்சல்படுத்தும் பையன் யாரோ, அவன் கோடை இரண்டு வாரம் தொடாதீர்கள். ரிவ்யூவில் கேள்வி கேளுங்கள், தப்பைக் காட்டுங்கள், திருத்துவது அவன் கை. நிச்சயம் சில இடத்தில் உடையும். பிறகு எனக்கு எழுதுங்கள். பதவி பற்றி வேண்டாம். ராத்திரி எத்தனை மணிக்கு லேப்டாப்பை மூடினீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும். முடிந்தால் உங்கள் மனைவியையும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.