கொம்பேறி மூக்கனும் சுடலைப் புகையும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வளவு மாமரத்தில் மெல்லிய பாம்பொன்று அடிக்கடி தெரிகிறது. முதுகில் செம்பு நிறக் கோடு. அது கொம்பேறி மூக்கனாம், ஆளைக் கடித்துவிட்டு, செத்தவரைச் சுடலையில் எரிக்கும் புகை தெரிகிறதா என்று மரத்தில் ஏறிப் பார்க்குமாம் என்று அம்மம்மா சொல்கிறா. அப்பா கொக்கத்தடியோடு நிற்கிறார். என்ன செய்வது?
(கோண்டாவில் வாசகி)

பதில்: முதலில் அப்பாவிடம் இருந்து கொக்கத்தடியை வாங்கி வையுங்கள், அது மாங்காய் ஆய மட்டும் போதும்.

கொம்பேறி மூக்கனுக்கு விஷம் அறவே இல்லை. பிடித்து நெருக்கினால் கடிக்கும்தான், அதை யார் பிடித்தாலும் கடிக்கும், ஆனால் சின்னக் கீறலோடு சரி, சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இது பகலில் திரியும் பாம்பு. ஆளைக் கண்டதும் விறுவிறுவென்று மரத்தில் ஏறி, ஒரு கொப்பில் நின்று தலையை நீட்டிக்கொண்டு அசையாமல் பார்க்கும். கண்ணும் உடம்புக்குப் பெரிசு. அந்தப் பார்வையில் இருந்துதான் சுடலைக் கதை பிறந்திருக்கும் என்பது என் ஊகம். அது பார்ப்பது புகையை இல்லை, நீங்கள் எப்போது போவீர்கள் என்பதை.

அடுத்த முறை கிட்டத் தெரிந்தால் நின்று பாருங்கள். நீளம் ஒரு மீற்றர் அளவில் இருக்கும், உடம்பு விரல் பருமன், அதில் மூன்றில் ஒரு பங்கு வால்தான். சீண்டினால் கழுத்தை ஊதும், அப்போது செதில்களுக்கு இடையில் வெளிர் நீலம் தெரியும். எங்கள் ஆட்கள் அதைக் கண்டுதான் 'விஷம் ஏறுது' என்று அடிக்கிறார்கள். பாம்பு பாவம், பயத்தில் ஊதுகிறது.

ஓணான், பல்லி, தவளைதான் முக்கியமான சாப்பாடு, இடைக்கிடை குருவிக் கூட்டிலும் கை வைக்கும். மரப்பொந்தில் முட்டை இடும். வெட்டாமல் விட்ட பனையின் கங்குமட்டை இடுக்கு, பூவரசும் கிளுவையும் கதியாலாய் நிற்கும் வேலி, கிடுகுக் கூரை எல்லாம் அதற்கு வசதியான இடங்கள். வேலிக்கு வேலி, கொப்புக்குக் கொப்பு தாவியே ஒரு குறிச்சியைச் சுற்றி வந்துவிடும். இப்போது வீட்டுக்கு வீடு சீமெந்து மதில், ஓணானுக்கே இடமில்லை, பாம்புக்கு எங்கே? மிச்சம் இருக்கிற வேலியையும் அடைக்க என்று பழைய ஓலையைப் பிரிக்கும்போது உள்ளே இருந்ததெல்லாம் வெளியே ஓடிவரும், பொல்லோடு நாலு பேர் நிற்பார்கள். நயினாதீவுக்குப் போய் நாகபூஷணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்து அடிக்கிற ஆட்களும் அதில் இருப்பார்கள், அதை என்னவென்று சொல்ல!

ஆகவே அது மாமரத்திலேயே இருக்கட்டும். அம்மம்மாவுக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள், நம்பமாட்டா, பரவாயில்லை.

கேள்வி: இரவில் சுவரில் ஏறிப் பல்லி பிடிக்கும் மண்ணிறப் பாம்பு, உடம்பில் வெள்ளை வளையங்கள். கட்டுவிரியனா?
(சாவகச்சேரி வாசகர்)

பதில்: சுவரில் ஏறிப் பல்லி பிடிக்கிறதென்றால் பெரும்பாலும் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன். அதன் வளையங்கள் கழுத்தடியிலேயே தொடங்கி, வாலுக்குப் போகப் போக மங்கிவிடும். கட்டுவிரியனுக்குப் பொதுவாகத் தலையில் இருந்து கொஞ்சம் தள்ளித்தான் வளையம் தொடங்கும், வால் பக்கம் நல்ல துலக்கமாக இருக்கும். ஆனால் தயவுசெய்து இதை வைத்துக்கொண்டு ரோர்ச் வெளிச்சத்தில் பரீட்சை எழுத வேண்டாம். கட்டுவிரியன் இரவில் தரையில் பாய் விரித்துப் படுப்பவரைக் கடிக்கும், நோவே தெரியாமல்கூடப் போகலாம். எந்தப் பாம்பு என்று தெரியாமல் கடிபட்டால் பார்வை பார்ப்பவரிடம் போய் நேரத்தை விடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டிலில் படுங்கள், முடியாவிட்டால் நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள்.

கேள்வி: வீட்டைச் சுற்றி உள்ளி கரைத்துத் தெளித்தால் பாம்பு வராதாமே?
(மானிப்பாய் வாசகி)

பதில்: வரும். உள்ளியைக் கறிக்குப் போடுங்கள். கோடிப்புறத்தில் குவிந்த கூரை ஓடுகளையும் பொச்சுமட்டையையும் அகற்றி, எலி வராமல் பார்த்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.