மலிவுச் செலவில் எடுத்த கவர்ச்சித் திரில்லர் ஒன்றுக்கு ஒருவர் பத்துக்கு இரண்டு புள்ளியும் இன்னொருவர் எட்டுப் புள்ளியும் கொடுப்பது ஏன்?

இருவரும் தேடிப் போனது வேறு வேறு. கவர்ச்சிக்காக உட்கார்ந்தவருக்கு விசாரணைக் காட்சிகள் இழுவை. மர்மத்துக்காக உட்கார்ந்தவருக்குப் படுக்கையறைக் காட்சிகள் இடைஞ்சல்.

1990களில் அமெரிக்காவில் இவ்வகைப் படங்கள் பல திரையரங்குக்கே போகாமல் நேரே வீடியோ கசெட்டாக வந்தன. ஒரே வீடு, நான்கைந்து நடிகர்கள், நிறைய இருட்டு. அந்த இருட்டு பாதி அழகுக்கு, பாதி செட் இல்லாததை மறைக்க. அதையே ரசிப்பவர்களும் உண்டு. நான் அந்தப் பக்கம்தான்.

மட்டக்களப்பில் நேர்மையான கருத்துக் கிடைப்பது இன்னும் கடினம். இதைக் குடும்பத்தோடு பார்ப்பவர் இல்லை, பார்த்ததாக ஒப்புக்கொள்பவரும் குறைவு. கல்லடியில் கடற்கரைப் பக்கம் கூடும் நண்பர்களிடம் கேட்டால் "குப்பை" என்பார்கள். கொலையாளி யார் என்பதை மட்டும் சரியாகச் சொல்வார்கள்.