நேரில் பார்த்தே இராத நடிகர் இறந்தால் ஏன் அழுகை வருகிறது?

இதை ஒருதலை உறவு என்று சொல்லலாம்: நமக்கு அவரை நன்றாகத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. 1956-லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஒரே முகத்தையும் குரலையும் வருடக்கணக்கில் பார்த்துக் கேட்டு வரும்போது மனசு அவரைப் பழகிய மனிதராகவே எடுத்துக்கொள்கிறது. தினமும் பஸ் ஸ்டாப்பில் பார்க்கிற, ஒரு வார்த்தைகூடப் பேசியிராத ஒருவர் திடீரென்று வராமல் போனால் தேடுகிறோமே, அது மாதிரி.

2021 அக்டோபர் 29-ல் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் மாரடைப்பில் இறந்தபோது அவருக்கு வயது 46தான். கைக்குழந்தையாகவே திரையில் வந்தவர், கன்னட மக்களுக்கு 'அப்பு'. முதல் நாள் வரை நோய் என்று ஒரு செய்தியும் இல்லாததால் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள யாருக்கும் நேரமே கிடைக்கவில்லை, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் லட்சக்கணக்கில் கூடி அழுதார்கள். அவருடைய கண்கள் தானமாகக் கொடுக்கப்பட்டதைப் பார்த்து ஏராளமானோர் கண்தானத்துக்குப் பதிவு செய்தார்கள். எனக்கு இந்தத் துக்கத்தில் பெரிதாகத் தெரிவது அதுதான்.

அப்புறம், சொந்த வாழ்க்கையில் ஆளில்லாதவர்கள்தான் இப்படி அழுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். குடும்பம், நண்பர்கள் சூழ இருப்பவர்களுக்கும் இதே துக்கம் வரும்.