கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்

கேள்வி: சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். என்னிடம் நான்கு கிரெடிட் கார்டுகள் இருக்கின்றன. பயன்படுத்துவது ஒன்றைத்தான். அதன் லிமிட் 60,000. மாதம் 30,000 ரூபாய் அளவுக்குச் செலவு செய்து, பில் வந்ததும் முழுதாகக் கட்டிவிடுவேன். மற்ற மூன்றும் பீரோவில் தூங்குகின்றன. ஒன்று 2014-இல் வாங்கியது, கட்டணம் இல்லை, லிமிட் 40,000. மற்ற இரண்டின் லிமிட் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம். இரண்டுக்கும் வருடக் கட்டணம் உண்டு. தை மாதம் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். “மூன்றையும் வெட்டிக் குப்பையில் போடு” என்கிறார் வீட்டுக்காரர். “சிபில் ஸ்கோர் விழுந்துவிடும்” என்கிறாள் நாத்தனார் மகள். யார் சொல்வதைக் கேட்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: நாத்தனார் மகள் சொல்வதில் முக்கால்வாசி சரி. உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் கால்வாசி சரி, அதுவும் தை கழிந்த பிறகு.

சிபில் ஸ்கோர் என்பது கடனை எப்படிக் கையாளுகிறீர்கள் என்பதற்குப் போடும் மதிப்பெண். லிமிட்டில் எவ்வளவு பங்கை எடுக்கிறீர்கள் என்பதும் அதில் சேரும். உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். நான்கு கார்டுகளுக்கும் சேர்த்து லிமிட் 3,50,000. அதில் நீங்கள் எடுப்பது 30,000, ஒன்பது சதவீதம்கூட இல்லை. மூன்றையும் மூடினால் மிஞ்சுவது 60,000 லிமிட்தான். செலவு ஒரு ரூபாய்கூடக் கூடாமலே நீங்கள் பாதி லிமிட்டைப் பயன்படுத்துகிறவர் ஆகிவிடுவீர்கள். 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான வழக்கு. ‘நான்தான் முழுதாகக் கட்டிவிடுகிறேனே’ என்பீர்கள். கட்டுகிறீர்கள், ஆனால் பில் போடும் நாளில் நிற்கும் தொகை சிபில் அறிக்கைக்குப் போய்விடக்கூடும். கடன் கொடுப்பவர் பார்ப்பது அந்த அறிக்கையைத்தான்.

எனவே கடன் பணம் கைக்கு வரும்வரை பீரோவைத் திறக்காதீர்கள். கட்டணத் தேதி அதற்குள் குறுக்கிட்டால், கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவோ, கட்டணமில்லாத கார்டாக மாற்றித் தரவோ முடியுமா என்று வங்கியிடம் கேளுங்கள். கேட்டால் இறங்கி வருவது உண்டு. மறுத்தால், ஒரு லட்சம் லிமிட் உள்ளதை மட்டும் மூடலாம். பயன்பாடு 12 சதவீதத்தில் நிற்கும், பாதகமில்லை.

2014-இல் வாங்கியதை மட்டும் எப்போதும் வைத்திருங்கள். சோறும் கேட்காமல் திண்ணையில் உட்கார்ந்து உங்கள் நாணயத்துக்குச் சாட்சி சொல்லும் பெரியவர் அது. ஆனால் ஓராண்டுக்கு மேல் தொடாத கார்டை, உங்களுக்குத் தகவல் அனுப்பி, 30 நாளில் பதில் வராவிட்டால் வங்கியே மூடிவிடலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணத்தை அதில் கட்டிவிடுங்கள், போதும்.

இப்போது அந்தக் கத்தரிக்கோல் விஷயம். எனக்கும் ஒரு கார்டு வந்து சேர்ந்தது, ஐந்து ரோடு பக்கம் ஒரு கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பையன் கொடுத்த பயணப் பைக்காக. பையின் ஜிப் ஏற்காடு மலையில் ஐந்தாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டவில்லை. கோபத்தில் கார்டை நான்காக நறுக்கிப் போட்டேன். கார்டுதான் போனது, கணக்கு உயிரோடு இருந்தது. வருடக் கட்டணம் 500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 590 ரூபாய். அதைக் கட்டாததற்குத் தாமதக் கட்டணம், அதன் மேல் வட்டி. மகனின் கல்விக் கடனில் கையெழுத்துப் போட உட்கார்ந்தபோதுதான் என் பெயரில் பாக்கி இருப்பது தெரிந்தது. மேலாளர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மகன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே, மூடுவதை முறையாகச் செய்யுங்கள். அந்தக் கார்டிலிருந்து தானாகப் போகும் தவணை, சந்தா ஏதும் இருந்தால் வேறு கணக்குக்கு மாற்றுங்கள். சேர்ந்திருக்கும் பாயின்டுகளைச் செலவழியுங்கள். பைசா பாக்கி இல்லாமல் கட்டிவிட்டு மின்னஞ்சலிலோ செயலியிலோ எழுதிக் கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூடியாக வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். “தபாலில் அனுப்புங்கள்” என்று வற்புறுத்தவும் கூடாது. “இந்தச் சலுகை வேண்டாமா மேடம்” என்று தேனாகப் பேசுவார்கள். வேண்டாம் என்று ஒரு வரியில் முடித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் உங்கள் மனசாட்சிக்கு. பீரோவில் இருக்கும் கார்டு தீபாவளி நேரத்தில் கூப்பிட்டு உங்களைச் செலவு செய்ய வைக்குமானால், மேலே சொன்ன கணக்கையெல்லாம் மறந்துவிட்டு மூடுங்கள். ஸ்கோர் பிறகு ஏறிக்கொள்ளும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை.

மூடியதும் பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து உங்கள் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். அதில் கணக்கு மூடப்பட்டது என்று வந்த பிறகு, பட்டறைக் கத்தரியை வீட்டுக்காரரிடம் கொடுத்து, சிப்பின் நடுவே வெட்டச் சொல்லுங்கள்.