வெளிநாட்டு ஸ்வீட் கார்ன் ரகம் வெப்பத்துக்கு ஒத்துவருமா? கேள்வி பதில்

கே: பாக்கெட்டில் 80 நாள் என்று போட்டிருக்கிறது. ஆனால் இடுப்பு உயரம் வருவதற்குள் ஆண் பூ தள்ளிவிட்டது, கதிரும் சிறுத்துவிட்டது. விதையில் கோளாறா?

ப: விதையில் கோளாறு இல்லை. குளிர் நாட்டின் நீண்ட பகலுக்குத் தேர்ந்த ரகம் அது. மக்காச்சோளத்தின் வயது, 10 டிகிரிக்கு மேல் சேரும் வெப்பத்தைப் பொறுத்தது. வெப்பம் வேகமாகச் சேர்ந்து பகலும் குறுகினால், போதுமான இலை விடுவதற்குள் பூத்துவிடும். இலை குறைந்தால் கதிர் எப்படித் திரளும்? மிகக் குறுகிய வயது ரகங்களை ஒதுக்கிவிட்டு, நடு வயது, பின் வயது ரகங்களைச் சோதியுங்கள்.

கே: ஐந்து ரகம் இருக்கிறது ஐயா. ரகத்துக்கு ஒரு வரிசை போதுமா?

ப: போதாது. மகரந்தம் காற்றில் பரவுவதால் ஒற்றை வரிசையில் முத்து சரியாகப் பிடிக்காது. ரகத்துக்கு 5 மீட்டர் நீளத்தில் 4 வரிசை போடுங்கள். வரிசை இடைவெளி 75 செ.மீ., செடி இடைவெளி 20 செ.மீ. நடு 2 வரிசையில் மட்டும் கணக்கெடுங்கள். இதையே வயலின் 3 இடங்களில், ரகங்களின் இடத்தை மாற்றிப் போட வேண்டும். உங்கள் பகுதியில் ஏற்கெனவே நன்றாக விளையும் ஒரு ரகமும் கட்டாயம் கூடவே நிற்க வேண்டும். அது இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவீர்கள்?

கே: சூப்பர் ஸ்வீட் என்று வாங்கினேன். முத்து மாவாக இருக்கிறது.

ப: பக்கத்தில் சாதாரண மக்காச்சோளமோ, சூப்பர் ஸ்வீட்டுக்கு முந்தைய ஸ்வீட் கார்னான பழைய சர்க்கரை வகையோ பூத்திருக்கும். சூப்பர் ஸ்வீட்டின் எஸ்எச்2 மரபணு தாய், தந்தை இரு பக்கமும் இருந்தால்தான் இனிப்பு. வேற்று மகரந்தம் விழுந்த முத்து அந்தக் கதிரிலேயே மாவாகிவிடும். 100 மீட்டராவது தள்ளி நடுங்கள், அல்லது பூப்பில் 2 வார வித்தியாசம் வையுங்கள். சோதனை வயலில் இரண்டுக்கும் வழியில்லை என்றால், கதிர் நுனியில் மகரந்தம் ஏற்கும் பட்டு இழை வெளிவருவதற்கு முன்பே கதிருக்குக் காகிதப் பை மாட்டி, இழை வந்ததும் அதே ரகத்தின் மகரந்தத்தைக் கையால் தூவுங்கள். ருசி பார்க்க அந்தக் கதிர்களை மட்டும் எடுங்கள்.

கே: முளைப்பு பாதிதான் வந்தது.

ப: சூப்பர் ஸ்வீட் விதையில் மாவுச்சத்து குறைவு, அதனால் வீரியமும் குறைவு. 2–3 செ.மீ. ஆழம் போதும். ஈரம் இருக்கட்டும், தண்ணீர் தேங்கக் கூடாது.

கே: இனிப்பை, சாறில் கரைந்திருப்பதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்தால் போதாதா?

ப: அதை மட்டும் நம்பாதீர்கள். பழைய சர்க்கரை வகையின் முத்தில் ஃபைட்டோகிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் கரைந்திருக்கும். நாக்குக்கு இனிக்காத அந்தப் பொருளையும் கருவி சேர்த்தே காட்டும். கதிர்களுக்கு எண் மட்டும் இட்டு, பெயர் சொல்லாமல் வேகவைத்துக் கொடுத்துப் பாருங்கள். பறிக்கும் பதமும் ஒன்றாக இருக்க வேண்டும். பாதிச் செடிகளில் பட்டு இழை வந்த நாளைக் குறித்து, 16ஆம் நாளிலிருந்து தினமும் ஒரு கதிரை உரித்து முத்தை நகத்தால் கீறுங்கள். பால் வந்தால் பறிக்கலாம். சூப்பர் ஸ்வீட்டில் அந்தப் பால் கொஞ்சம் தெளிவாகவே இருக்கும்.

கே: வேறு எதைக் குறித்துவைக்க வேண்டும்?

ப: ஆண் பூ மகரந்தம் உதிர்ப்பதற்கும் பட்டு இழை வருவதற்கும் உள்ள இடைவெளியை முதலில் குறியுங்கள். வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் இழை பிந்தும். 35 டிகிரிக்கு மேல் மகரந்தமும் வலுவிழக்கும். கிடைப்பது முத்து சரியாகப் பிடிக்காத பொக்கைக் கதிர்தான். துரு, இலைக்கருகல், அடிச்சாம்பல் ஆகிய மூன்று நோய்களையும் தனித்தனியே மதிப்பிடுங்கள். மேலுறை கதிர் நுனியை முழுக்க மூடுகிறதா என்றும் பாருங்கள். நுனி திறந்த ரகம் எவ்வளவு இனித்தாலும் நான் தேர்ந்தெடுக்க மாட்டேன், புழுவும் மழைநீரும் அந்த வழியாகத்தான் இறங்கும்.