சொந்தத்தில் கல்யாணம் என்றால் பெரிய பேக்கேஜ் எடுக்கணுமா?

கேள்வி: மகளுக்கு 26 வயது, தலைப்பிரசவம், இப்போது 12 வாரம். என் தம்பி மகனுக்குத்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஸ்கேனில் குறை ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பாளையங்கோட்டையில் ஒரு லேபில், "சொந்தத்தில் கல்யாணம் என்றால் என்ஐபிடி ரத்தப் பரிசோதனை எடுத்தே ஆகணும், பெரிய பேக்கேஜ்தான் நல்லது, 99 சதவீதம் சரியாக இருக்கும்" என்கிறார்கள். நகையை அடகு வைத்தால்தான் முடியும். எடுக்கலாமா?
- ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: அம்மா, நகையை வைக்க வேண்டாம். லேபில் சொன்ன காரணமே தவறு.

கர்ப்பிணியின் ரத்தத்தில் குழந்தையின் டிஎன்ஏ துணுக்குகள் ஓடுவதை மருத்துவ ஆராய்ச்சியாளர் டென்னிஸ் லோ குழுவினர் 1997இல் கண்டறிந்தார்கள். பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருகிற அந்தத் துணுக்குகளை எண்ணி, மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் 21, 18, 13ஆம் எண்களில் ஒன்று கூடுதலாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என்ஐபிடி. டவுன் சிண்ட்ரோம் என்கிற பிறவிக் குறை 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுவதால் வருவது. இந்தக் கூடுதல் பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது தற்செயலாக நேர்வது. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறும். மாப்பிள்ளை தாய்மாமன் மகனா, அசலா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சொந்தத்தில் கட்டும்போது கூடுகிற ஆபத்து வேறு. ஒரே பழுதான மரபணு இருவரிடமும் இருந்து, இரண்டும் குழந்தைக்கு வந்து சேர்வது. தலசீமியா என்கிற பரம்பரை ரத்த நோயும் பிறவியிலேயே காது கேளாமையில் சில வகைகளும் அப்படி வருபவை. வழக்கமான என்ஐபிடி இதைப் பார்ப்பதே இல்லை. பெரிய பேக்கேஜில் சேர்ப்பது பெரும்பாலும் குரோமோசோமில் சிறு துண்டு விடுபட்ட அரிய குறைகளைத்தான். அவற்றில் தவறான பாசிட்டிவ், அதாவது இல்லாத குறையை இருப்பதாகக் காட்டுவது, அதிகம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2022இல் எச்சரித்தது. உங்கள் பயத்தைக் காட்டி, அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாத பொருளை விற்கிறார்கள். எனக்கு இதில்தான் கோபம்.

அந்த 99க்கு வருவோம். டவுன் சிண்ட்ரோம் உள்ள நூறு கர்ப்பங்களில் ஏறக்குறைய 99ஐ இது பிடித்துவிடும் என்பது உண்மை. ஆனால் உங்கள் மகள் வயதில் அந்தக் குறையே சுமார் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். தவறான பாசிட்டிவும் ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், பாசிட்டிவ் வந்த இருவரில் ஒருவர் குழந்தைக்கு ஒன்றுமே இருக்காது. அதனால் பாசிட்டிவ் வந்தாலும் அதை மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். அதற்கான செலவை லேபில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, என்ன செய்யலாம்? டவுன் சிண்ட்ரோம் ஆபத்தைக் கணிக்கும் டபுள் மார்க்கர் ரத்தச் சோதனை எடுக்கவில்லை என்றால் 13 வாரம் 6 நாளுக்குள் எடுத்துவிடுங்கள். அதில் ஆபத்து அதிகம் என்று வந்து டாக்டரம்மா என்ஐபிடி கேட்டால், அப்போது அது நல்ல சோதனைதான். 21, 18, 13ஐ மட்டும் பார்க்கும் சின்ன பேக்கேஜே போதும். இரு குடும்பத்திலும் ரத்தக் குறை, காது கேளாமை, சிறுவயதில் இறந்த பிள்ளைகள் உண்டா என்று விசாரித்து டாக்டரம்மாவிடம் சொல்லுங்கள். தலசீமியா மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தச் சோதனை இதைவிட மிக மலிவு. 18-20 வார ஸ்கேனை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். முதுகெலும்பு, இதயக் குறைகளை என்ஐபிடி காட்டாது, அந்த ஸ்கேன்தான் காட்டும்.

இன்னொன்று. ஆணா பெண்ணா என்று இந்த ரத்தத்திலேயே தெரியும். அதைச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஜாடையாகச் சொல்கிற லேப் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: என்ஐபிடிக்குப் பணம் கட்டினோம். "டிஎன்ஏ பத்தவில்லை, ரிசல்ட் இல்லை" என்று சொல்லி மறுபடியும் முழுப் பணம் கேட்கிறார்கள். நியாயமா?
- ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: தாயின் ரத்தத்தில் ஓடும் டிஎன்ஏ துணுக்குகளில் நஞ்சுக்கொடியின் பங்கு சுமார் 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ரிசல்ட் தர முடியாமல் போகும். 10 வாரத்துக்கு முன் எடுத்தாலோ தாயின் உடல் எடை கூடுதலாக இருந்தாலோ அப்படி நேரும். முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். ரிசல்ட் வராததற்கே சிலருக்கு மேல்பரிசோதனை தேவைப்படும்.

பணத்துக்கு, நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் நகலை வாங்கி, மறுபடி ரத்தம் எடுப்பது இலவசமா, பணம் திரும்பக் கிடைக்குமா என்று பாருங்கள். படிவத்தில் இருந்தும் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் வேண்டியதில்லை, ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.