கொலோனில் பீர் குடிக்கப் போகும் தம்பிக்கு

கேள்வி: ஜெர்மனியில் கொலோன் நகரில் வேலை கிடைத்திருக்கிறது. மாலையில் உடன் வேலை செய்பவர்கள் பீர் குடிக்கக் கூப்பிடுவார்களாம். எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. எப்படிச் சமாளிப்பது?
- வாசகர், தக்கலை

பதில்: தாராளமாகப் போங்கள் தம்பி. அந்த ஊரில் நர்ஸாக வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், நட்பு வளர்வது அந்த மேசையில்தான்.

அங்கே ‘கோல்ஷ்’ பீர்தான் பேர்போனது. 200 மில்லி மட்டுமே பிடிக்கும் ஒல்லி கிளாஸில் வரும். சின்னதுதானே என்று ஏமாந்துவிடாதீர்கள். பழைய பீர் விடுதிகளில் கிளாஸ் காலியானதும், கேட்காமலேயே அடுத்ததை வைத்துவிடுவார் பரிமாறுபவர். நம்ம ஊர்க் கல்யாணப் பந்தியில் இலையை மடக்கும் வரை பிரதமன் பாயசம் விடுவது மாதிரி. போதும் என்றால் கிளாஸுக்கு அடியில் வைத்திருக்கும் அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் மூடுங்கள். வேறொன்றும் சொல்ல வேண்டாம். அந்த அட்டையில் ஒவ்வொரு கிளாஸுக்கும் பென்சிலால் ஒரு கோடு போட்டிருப்பார். அதுதான் பில், தொலைத்துவிடாதீர்கள்.

கிளாஸை முட்டும்போது எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்து ‘ப்ரோஸ்ட்’ (நம்ம ‘சியர்ஸ்’தான்) சொல்லணும். குடிக்க விருப்பமில்லையா? ஆல்கஹால் இல்லாத பீரோ, ஆப்பிள் சாறில் சோடா கலந்த ‘ஆப்ஃபெல்ஷோர்லே’யோ கேளுங்கள். அப்புறம், கையில் ரொக்கம் வைத்திருங்கள். கார்டு வாங்காத இடங்கள் உண்டு.

திரும்பும்போது வாடகை மின்சார ஸ்கூட்டரைத் தொடவே வேண்டாம். காருக்கு உள்ள அதே மது வரம்பு, 0.5 புரோமில் (ரத்தத்தில் ஆயிரத்தில் அரைப் பங்கு ஆல்கஹால்), அதற்கும் பொருந்தும். குடித்துவிட்டு ஓட்டி, முகமெல்லாம் கிழிந்து வந்தவர்களுக்கு மருந்து வைத்துக் கட்டியிருக்கிறேன். டிராமிலேயே வீட்டுக்குப் போங்கள்.